தாத்தா வைத்துப் போன மோட்டார்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது; பிரிக்கத் தெரியாது; பூட்டவும் தெரியாது. ஆனால் தள்ளத் தெரியும். கொடைக்கானல் மலையில் இருபது வருஷம் உபாத்தியாயராக இருப்பவருக்கு வேறு எந்த வித்தை வராவிட்டாலும் இந்த வித்தை வந்தே தீரும். மார்கழிக் குளிரில் விறைத்துப் போன வண்டிகளைத் தள்ளியிருக்கிறோம். ஐப்பசி மழையில் சேற்றில் சிக்கிய வண்டிகளைத் தள்ளியிருக்கிறோம். ஒரு தடவை, உள்ளே இருந்த கல்யாண மாப்பிள்ளையோடு சேர்த்தே தள்ளியிருக்கிறோம். அந்த அநுபவத்தின் பலத்தில்தான் இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறோம்.

விஷயம் இதுதான். 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே எதிர்வீடு தெரியாதபடி மஞ்சு மூடியிருந்தது. அந்த மஞ்சுக்குள்ளிருந்து நம் பழைய மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கீழே ஒரு கல்லூரியில் யந்திரப் பொறியியல் படித்து முடித்துவிட்டு, உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவள்.

"சார், தாத்தாவோட காரை ஓட வைக்கணும். சித்தப்பா சித்திரைக்குள்ளே ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இல்லேன்னா காயலான் கடைக்குப் போட்டுடுவாங்களாம்" என்றாள்.

"அதற்கு நம்மிடம் ஏன் அம்மா வந்தாய்?" என்று கேட்டோம்.

"நீங்க வந்து சொன்னா சித்தப்பா கேட்பாங்க, சார். அவங்களும் உங்ககிட்டே படிச்சவங்கதானே!"

உபாத்தியாயர் தொழிலில் இது ஒரு சங்கடம். இரண்டு தலைமுறைக்குப் பாடம் சொன்னவர் இரண்டு தலைமுறையின் வழக்குக்கும் பஞ்சாயத்துப் பண்ணியாக வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் புறப்பட்டோம்.

* * *

ஷெட்டின் ஒரு பாதியில் மலைப்பூண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மறு பாதியில், நைந்துபோன தார்ப்பாயின் கீழே அந்த வண்டி நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் பின் ஸீட்டிலிருந்து ஒரு கோழி ஆட்சேபித்துக்கொண்டே வெளியேறியது. அது விட்டுப் போன ஆஸனத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. டயர் நான்கும் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. கதவின் அடிப்பாகத்தைத் தொட்டால் துரு, அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கியது.

"பார்த்தீங்களா, சார்? எடைக்குப் போட்டாலும் வண்டிக் கூலி கட்டாது" என்றார் சித்தப்பா. அவர் கெட்ட மனிதர் அல்ல. பூண்டு நனைந்தால் வருஷம் முழுவதும் பட்ட பாடு வீண். அவருடைய கட்சியிலும் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு சரித்திரமும் இருந்தது. அவளுடைய தாத்தா காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதியவர். 1966-ஆம் வருஷத்து வண்டியான அதை, யாரோ பல வருஷம் ஓட்டிக் கழித்த பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கினாராம். அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்போது வேறு மோட்டார் கிடையாது. நடு ராத்திரியில் பிரசவ வேதனை கண்டாலும், பாம்பு கடித்தாலும், குழந்தைக்கு ஜன்னி கண்டாலும் ஜனங்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அரிக்கன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போவார். மலையிறங்கிப் பெரியகுளத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, விடிந்த பிறகு திரும்பி வருவார். பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு நடுவயது மனிதர் வந்து எட்டிப் பார்த்தார். வண்டியின் கூரையைத் தட்டி, "எங்க ஆத்தா என்னைப் பெத்தது இந்த வண்டிக்குள்ளேதான். டம்டம் பாறைகிட்டே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, சித்திரை வரைக்கும்" என்றார். நம் பஞ்சாயத்து அதிகக் கஷ்டமில்லாமல் முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

* * *

அந்த மனிதர் ஏன் அப்படிக் கூரையைத் தட்டினார் என்பது, இந்த மலைக்கு வழி உண்டான கதையை அறிந்தவர்களுக்குத்தான் விளங்கும். அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் இங்கே வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஏரியை உண்டாக்கினார். ஆனால் சாலை மட்டும் வெகு காலம் வரவில்லை. ரயில் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலோ, டோலியிலோ, கால்நடையாகவோதான் ஏறவேண்டும். டோலியில் போனவர்களுடைய பிரயாணக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. டோலி தூக்கியவர்களுடைய குறிப்புகள் இல்லை. மோட்டார் ஏறும்படியான மலைச்சாலை 1914-ஆம் ஆண்டையொட்டித்தான் தயாராயிற்று. வெள்ளைக்காரர்கள் "காட் ரோடு" என்று சொன்னதை நம் ஜனங்கள் அப்படியே வாங்கி, அடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் "காட்ரோடு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சாலை வந்தும் வண்டி வர வேண்டுமே! நாடு சுதந்திரமடைந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த பெரிய அந்நியக் கம்பெனிகளைப் பார்த்து, "இங்கேயே செய்வதானால் செய்யுங்கள், இல்லாவிட்டால் போகலாம்" என்று சர்க்கார் சொல்லியது. அமெரிக்கக் கம்பெனிகள் 1950-களின் நடுவில் மூட்டை கட்டின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தாவுக்கு அருகில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்; பம்பாயில் பிரீமியர்; நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். அம்பாஸடர், பியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்களைச் சொல்லி ஒரு தலைமுறையே வளர்ந்தது.

இவற்றில் ஹெரால்டுதான் தாத்தாவின் வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் "டிரயம்ப் ஹெரால்டு" என்ற பெயரில் பிறந்து, 1961 முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் சென்னையில் தயாரானது. அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலிய நாட்டுச் சித்திரக்காரர் மிகெலோட்டி. ஆக, இத்தாலியர் வரைய, ஆங்கிலேயர் செய்ய, சென்னைத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு வருஷம் அதிகமான பாகங்களை உள்நாட்டுப் பாகங்களாக மாற்றிக் கடைசியில் நம்முடையதாகவே ஆக்கிக்கொண்ட வண்டி அது.

* * *

கன்னி முயற்சியாக வண்டி பழுது பார்க்க விரும்புகிறவருக்கு ஹெரால்டைவிட நல்ல வண்டி கிடைப்பது அரிது என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். பல கார்களில் உடலும் எலும்பும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. கீழே தனியாக ஒரு சட்டம். அதன்மேல் துண்டு துண்டாக உடற்பாகங்கள், நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டியவை. இங்கிலாந்துக் கம்பெனிக்கு முழு உடலையும் அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்காமல் போனதால் அப்படிச் செய்தார்களாம். இல்லாமையில் பிறந்த யோசனைதான் அறுபது வருஷம் கழித்து ஒரு மலைநாட்டுப் பெண்ணுக்கு உதவியது. ஸ்பானர் இருந்தால் போதும், கழற்றிவிடலாம். முன்பக்கம் முழுவதும், சக்கரத்தின் மேல்மூடியோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்புறம் நோக்கித் திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம்.

இன்னொரு விசேஷம், 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? தாத்தா இந்த வண்டியைத் தேடி வாங்கியது தற்செயல் அல்ல என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் மாணவி முதலில் செய்த காரியம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு திருகாணியைக் கழற்றுமுன் அந்த இடத்தைப் படம் எடுத்தாள். கழற்றியதைப் பழைய காப்பி டப்பாக்களில் போட்டு, எந்த இடத்தது என்று சீட்டு எழுதி ஒட்டினாள். ஒரு மாதத்தில் ஷெட்டின் சுவரில் அறுபது டப்பாக்கள் வரிசையாக நின்றன. அப்பத்தா, அதாவது தாத்தாவின் மனைவி, தினம் ஒரு தடவை வந்து டப்பாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கழட்டிட்டே. திருப்பி மாட்டுவியாடி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பத்து வருஷத்துக்குமேல் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருகினால் உடையும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்கள் வழியே டீஸலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு அவள் பொறுத்திருந்தாள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் ஸ்பானரைப் போட்டு மெள்ள அழுத்தியபோது ஒரு விரற்கடை அசைந்தது. அன்று மாலை அவள் டெலிபோனில் கூப்பிட்டு, "சார், அசைஞ்சிருச்சு!" என்றாள். பரீட்சையில் முதலாவதாகத் தேறியபோதுகூட அந்தக் குரலை நாம் கேட்டதில்லை.

* * *

இனி மேஸ்திரியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாவலாசிரியர் ராஜமையர் பிறந்த வத்தலக்குண்டில் ஒரு சிறு பட்டறை வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டியவர். தாத்தாவின் காலத்தில் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவரும் அவரேதான். அவரிடம் புத்தகம் கிடையாது, வரைபடம் கிடையாது. எல்லாம் விரல் நுனியிலும் காதிலும் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது நீண்ட திருப்புளியின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் இருக்கும்.

மார்கழிக் கடைசியில் எஞ்சின் உயிர் பெற்றது. புகை கக்கியது, இருமியது, பிறகு தாளம் பிடித்துக்கொண்டு ஓடியது. அப்பத்தா திருஷ்டி கழித்தாள். அடுத்த வாரம் பெரியகுளத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம். வண்டிக்கு வர்ணம் பூசி, அதிலேயே அப்பத்தாவைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்று நம் மாணவிக்கு ஆசை. கையில் மிச்சமிருந்த பணம் வர்ணத்துக்குத்தான் போதும். மேஸ்திரியிடம் கேட்டாள்.

"தாயி, வண்டி மொதல்ல நிக்கணும். அப்புறம் ஓடணும். மினுக்கிறது கடைசி" என்றார் மேஸ்திரி.

"பிரேக் பிடிக்குதே, மேஸ்திரி ஐயா! நான் மிதிச்சுப் பார்த்தேன்."

"பிடிக்குது. பிடிச்சுக்கிட்டே இருக்குமான்னு பார்த்தியா?"

அவள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். இங்கே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து நமக்கு மனம் இளகிவிட்டது. "மெதுவாகப் போனால் ஒரு தடவை போய்வரலாமே, மேஸ்திரி?" என்று சொல்லிவிட்டோம். தள்ளுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் சொன்ன அபிப்பிராயம்!

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. நம்மையே ஓட்டுகிறவர் ஸீட்டில் உட்காரச் சொன்னார். "பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சுக்குங்க, வாத்தியாரையா. எடுக்காதீங்க" என்றார். மிதித்தோம். கல்போல் நின்றது. வெற்றிப் புன்னகையுடன் அவரைப் பார்த்தோம். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பாதி பீடி கரைவதற்குள் நம் காலின் கீழே அந்த மிதிகட்டை மெள்ள மெள்ள இறங்கத் தொடங்கியது. நாம் இன்னும் பலமாக மிதித்தோம். இன்னும் இறங்கியது. கடைசியில் தரையைத் தொட்டுவிட்டது.

பிரேக் என்பது எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும், விரல் நுனியளவான ரப்பர் குப்பி. அது வயதாகித் தளர்ந்திருந்தது. ஒரு விநாடி மிதிக்கத் தாங்கும். கொண்டை ஊசி வளைவில் தாங்காது. டம்டம் பாறையிலிருந்து கீழே தெரியும் பள்ளத்தாக்கை நாம் பலமுறை ரசித்திருக்கிறோம். அன்று அதை நினைத்தபோது ரசிக்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போனார்கள்.

* * *

மறுநாள் வகுப்பில் அந்த வெட்கத்தை ஒரு கணக்காக மாற்றிக்கொண்டோம். உபாத்தியாயருக்கு அந்த வசதி உண்டு. ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. நான்கு பேரையும் மூட்டைகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் போகும். கொடைக்கானல் கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. வத்தலக்குண்டு 300-க்குச் சற்று மேலே. இறங்கும் உயரம் 1,800 மீட்டர். இந்த வண்டி இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறினால், ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்றைச் சுடவைக்கும் நெருப்பு! அது அத்தனையும் நான்கு சிறிய பிரேக் டிரம்களில் இறங்கினால் என்ன ஆகும்? டிரம் காயும், பிடிமானம் நழுவும், ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும், ஆவியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது.

அதனால்தான், எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பிரேக் இளைப்பாறும். பௌதிக சாஸ்திரம் படித்த நம் மாணவியும் நாமும் மறந்த பாடம், பள்ளிக்கூடம் போகாத மேஸ்திரிக்கு நினைவிருந்தது.

ஏறுவதற்கும் தனியாக ஒரு சாஸ்திரம் உண்டு. இவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். கீழே 35 குதிரைச் சக்தியோடு புறப்படும் 948 ஸி.ஸி. எஞ்சினில், ஏழு குதிரைகள் வழியிலேயே நின்றுவிடுகின்றன. கீழ்நாட்டுக் காற்றுக்குச் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், கறும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். தண்ணீரும் இங்கே 100 டிகிரியில் அல்ல, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் தேநீர்க் கடைபோல் ஆவி கிளம்பும். இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கையில் சூடு பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் சிலரே.

* * *

பாகங்கள் தேடியது ஒரு தனிப் புராணம். சென்னையில் புதுப்பேட்டை என்று ஒரு பேட்டை இருக்கிறது. மோட்டார்கள் இறந்தபின் போகும் வைகுந்தம் அது என்று சொல்லலாம். அங்கிருந்து வேறு வண்டிகளில் புனர்ஜன்மம் எடுக்கின்றன. இரண்டு நாள் அலைந்து, கதவுக் கைப்பிடியும், ஒரு ஜோடி விளக்கு வளையமும் கொண்டுவந்தாள். சக்கர சிலிண்டர் கிடைக்கவில்லை. அதை மேஸ்திரி, தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து, உள்ளே புதுக் குழலிட்டுப் பழையதையே புதியதாக்கிக் கொடுத்தார்.

நம் தேசத்தின் செல்வங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் நிலக்கரியையும் இரும்பையும் கணக்கெடுக்கிறார்கள். இந்த லேத் பட்டறைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புது வண்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலத்தில், இருந்த வண்டியைச் சாகவிடாமல் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். அந்நியப் பாகம் வராதா? சரி, இங்கே கடைந்துகொள்ளலாம் என்றார்கள். இங்கிலாந்துக்காரர்கள் ஹெரால்டின் பின்சக்கரங்களைத் தனித்தனியாக ஆடும்படி அமைத்திருந்தார்கள். வளைவில் வேகமாகப் போனால் சக்கரம் உட்புறம் மடங்கிப் பிடி நழுவும். நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. 1972-இல் சென்னையில் ஹெரால்டைத் திருத்தி "கஸல்" என்ற வண்டியை வெளியிட்டபோது, அதற்கு ஒரே அச்சாகப் பின்அச்சைப் போட்டார்கள். பட்டறைத் திண்ணையின் அபிப்பிராயம் தொழிற்சாலையின் வரைபடத்தை மாற்றியது! சுதேசியம் என்பது பொருளின்மேல் ஒட்டும் முத்திரை மட்டுமல்ல. பொருளைத் திறந்து பார்த்து, இது நமக்கு ஒத்துவருமா என்று கேட்கும் தைரியமும் அதில் அடக்கம்.

இன்று அந்தக் கம்பெனியில் கார் தயாராவதில்லை. அம்பாஸடரும் 2014-இல் நின்றுவிட்டது. மேஸ்திரியின் பிள்ளைகள் இருவரும் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். அவருக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்கும் வித்தை அவரோடு போய்விடுமா என்று நாம் கவலைப்பட்டதுண்டு. இப்போது நம் மாணவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். அவர் சொல்வதை அவர் சொல்லும் பாஷையிலேயே எழுதிக்கொள்கிறாள்.

* * *

வர்ணம் பூசும் நாள் வந்தபோது இன்னொரு விவாதம் எழுந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் ஒரு நசுங்கல் உண்டு. ஒரு மழை ராத்திரியில், பாதையில் விழுந்த மரத்தை இடித்து ஏற்பட்டது. அன்று வண்டியில் இருந்தவள் பிழைத்தாளாம், குழந்தை பிழைக்கவில்லையாம். தாத்தா அந்த நசுங்கலைச் சரிசெய்யவே இல்லை. டிங்கர் வேலைக்காரர் அதைத் தட்டி, பட்டி பார்த்து, கண்ணாடிபோல் ஆக்கிவிடுவதாகச் சொன்னார்.

நாம் தமிழ் சொல்லிக் கொடுப்பவர்கள். நமக்கு உ. வே. சாமிநாதையர் ஞாபகம் வந்தது. அவர் சீவகசிந்தாமணியை 1887-இல் அச்சிடுமுன் எத்தனையோ ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். செல்லரித்த இடத்தில் தாமே ஒரு வரியை அழகாக எழுதிச் சேர்க்க அவருக்குப் புலமை இல்லாமலா? ஆனால் அப்படிச் சேர்த்தால் அது தேவருடைய காவியம் அல்லவே! பழைய மோட்டார்களுக்கான சர்வதேச சங்கமும் துரின் நகரின் பெயரால் ஒரு சாஸனம் வகுத்திருக்கிறது. கூடியவரை உள்ளதைக் காப்பாற்று, வேண்டிய அளவுக்கு மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை என்பது அதன் சாரம். ஏடு பதிப்பித்தவர்களுக்கு இது புதிய உபதேசம் அல்ல.

நசுங்கல் அப்படியே இருக்கட்டும் என்று அப்பத்தா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். துரு மட்டும் அகற்றப்பட்டது. அழுகிய தகடுகள் மாறின. நசுங்கலின் மேலேயே வர்ணம் பூசப்பட்டது.

வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டிகளைப் "புராதன வண்டி" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய சர்க்கார் விதிகள் செய்தது. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்கவேண்டும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். ஆகையால் வண்டி எதற்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, இக்காலத்துப் பெட்ரோலில் எதனால் என்ற சாராயம் கலந்திருக்கிறது. 2025-இல் அது நூற்றுக்கு இருபது பங்கை எட்டிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது கெடுக்கும். அவற்றை முதலிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

"ஏற்கனவே மலை முழுவதும் வண்டி, 2024-இல் ஐகோர்ட்டு உத்தரவின்பேரில் அநுமதிச் சீட்டு முறையே வந்துவிட்டது, இதில் புகை விடும் கிழவண்டி ஒன்று வேறா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமே. தினம் ஓட்டத் தகுந்த வண்டி அல்ல அது. வருஷத்தில் சில நாள் ஓடினால் போதும்.

* * *

சித்திரை பிறந்தது, வண்டி முடியவில்லை. சித்தப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஷெட் முழுவதும் பூண்டு ஏறியது. ஆனால் காயலான் கடைக்காரர் வரவில்லை. ஒரு நாள் காலையில் சித்தப்பாவே நான்கு கம்பங்களை நட்டு, தகரம் போட்டு, வாசலில் ஒரு கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். "பூண்டுக்குத்தான்" என்றார். பூண்டு அங்கே போகவில்லை.

பத்து மாதம் கழித்து, 2025 மாசியில், ஒரு விடியற்காலை வண்டி மலையிறங்கியது. ஓட்டியவள் நம் மாணவி. பக்கத்தில் மேஸ்திரி, பின்னால் அப்பத்தாவும் நாமும். இரண்டாவது கியரில், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், வளைவுக்கு வளைவு ஹார்ன் கொடுத்துக்கொண்டு இறங்கினாள். டம்டம் பாறையில் நிறுத்தினாள். மேஸ்திரி இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் சான்றிதழ். பள்ளத்தாக்குக்கு அப்பால் எலிவால் அருவி வெள்ளி நூல்போல் தெரிந்தது.

அப்பத்தா இறங்கவில்லை. அந்த நசுங்கிய கதவை உள்ளேயிருந்து கையால் தடவிக்கொண்டிருந்தாள். "ராத்திரியிலேதான் இந்தப் பாதையைப் பார்த்திருக்கேன். பகல்லே நல்லாத்தான் இருக்கு" என்றாள். தாத்தா ஆபத்துக்கு ஓடிய ராத்திரிகளில், பிரசவப் பெண்களுக்குத் துணையாக அவளும் உடன் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தன் பேத்தியிடம்கூட அதை அவள் அதுவரை சொன்னதில்லை.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. உங்கள் பிள்ளையோ பெண்ணோ வீட்டுப் பழம் பொருள் ஒன்றைக் கேட்டு வந்தால், அது கடிகாரமோ, தையல் யந்திரமோ, மோட்டாரோ, விலை பேசுமுன் கொஞ்சம் நில்லுங்கள். அவர்களுக்கு வேண்டியவை மூன்றுதான்: வைத்து வேலை செய்ய ஓர் இடம், கூட நின்று சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர், அவசரப்படுத்தாத அவகாசம். பணம் நான்காவது. நம் மாணவிக்கு இப்போது உத்தியோகம் கிடைத்துவிட்டது. நேர்முகப் பரீட்சையில் அந்தப் பிரேக் கதையைத்தான் சொன்னாளாம்.

வத்தலக்குண்டில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறுகிற சமயம். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி "கிர்ர்" என்றது, பேசாமல் இருந்துவிட்டது. மேஸ்திரி நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

குடையை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கித் தள்ளினோம்.